ஊறல் தண்ணீரும் மூக்கு சாரும்

மூக்கு எல்லோருக்கும்தான் இருக்கிறது. கண்ணாடி மாட்டுவதற்கும், சளி பிடித்தால் சிந்துவதற்கும், அடுத்த வீட்டு விஷயத்தில் நுழைப்பதற்கும் நாம் அதை வைத்துக்கொண்டிருக்கிறோம். வெறும் மூக்கை வைத்தே ஒரு கம்பெனியைத் திருத்திய மனிதர் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரே ஒருவர்தான். அவர் இரண்டரை வருஷம் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார் என்று இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்போது பெருமையாக இல்லை. இந்த ஆளை எப்படிக் கிளப்புவது என்று நானும் என் மனைவி விசாலமும் காபி குடிக்கும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தோம்.

ஆபீஸ் பதிவேட்டில் அவருக்கு முழுசாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சம்பளம் போடுகிறவர் தவிர யாரும் சொன்னதில்லை. மில்லுக்கும் தெருவுக்கும் அவர் மூக்கு சார். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். “உள்ளதைத்தானே சொல்றாங்க” என்பார்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பஞ்சநாதன். படிப்பு பத்தாவதோடு சரி. பூதலூர் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் எடைமேடை பார்க்கிறேன். நெல் லாரி மேடையில் ஏற ஒரு மணி அடிப்பேன், இறங்க இரண்டு மணி. மூன்று மணி என்று ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்களுடையது புழுங்கல் அரிசி மில். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அவித்து, காயவைத்து அப்புறம்தான் அரைக்க வேண்டும். ஊறிய தண்ணீர் கறுப்பாக, புளித்த வாடையோடு தொட்டி தொட்டியாக மிஞ்சும். அதை என்ன செய்வது? அதற்காகத்தான் ஆண்டவன் மில்லுக்குப் பின்பக்கம் ஒரு வாய்க்காலைப் படைத்திருக்கிறான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் முதலாளி தங்கமான மனிதர். ஊருக்குச் செய்வதில் கை சுருக்க மாட்டார். பள்ளிக்கூடத்துக்கு நோட்டு, பஸ் நிற்கிற இடத்தில் நிழற்குடை, பஞ்சாயத்து ஆபீசுக்குச் சுவர்க்கடிகாரம் எல்லாம் அவர் உபயம். ஒரே ஒரு பலவீனம், பெயர் எழுதாமல் எதையும் கொடுக்கமாட்டார். அந்தக் கடிகாரத்தில் அவர் பெயரை அத்தனை பெரிதாக எழுதியிருந்ததில் நம்பர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. பஞ்சாயத்து ஆபீசில் மணி கேட்டால், “முள்ளு முதலாளியோட இனிஷியலைத் தாண்டிடுச்சு, சாப்பிடப் போகலாம்” என்பார்கள்.

மில் வளர்ந்து பெரிய கம்பெனி ஆனது. லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவழிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டதாம். பாக்கெட் போட்டு இட்லி அரிசி விற்கிற சென்னைக் கம்பெனி ஒன்று வேறு, ‘ஊருக்கு என்ன செய்கிறீர்கள், தண்ணிக்கும் காற்றுக்கும் என்ன செய்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள்’ என்று கேட்டுவிட்டது. அந்த ஆர்டர் கிடைத்தால் மில்லுக்குப் பல வருஷத்துக்குக் கவலையில்லை. ஆகவே சமூகப் பொறுப்பு அலுவலர் என்று ஒருவரைப் போடுவதாக முதலாளி முடிவு செய்தார். போட்டோ எடுத்து, கட்டுரை எழுதி, பைல் போடுகிற ஆள் வருவார் என்று எதிர்பார்த்தோம்.

ஒருநாள் காலை வாட்ச்மேன் கோவிந்து மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“பஞ்சு அண்ணே, பின்னாடி வாய்க்கால்கிட்ட ஒரு ஆளு குனிஞ்சு நிக்கிறாரு. கக்கத்துல குடை. கையில பாட்டிலு!”

பாட்டில் என்றதும் என் கை தானாகப் போய் மூன்று மணி அடித்துவிட்டது. மூன்று மணி என்றால், சோதனை போட யாரோ அதிகாரி வந்திருக்கிறார் என்று அர்த்தம். மில்லில் எல்லோருக்கும் மனப்பாடம். பம்புசெட் ஆள் ஊறல் தண்ணீரை அடைத்துவிட்டு, போர் தண்ணீரைச் சாக்கடையில் திறப்பான். இரண்டு பேர் குரோட்டன்ஸ் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடுவார்கள். மேனேஜர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு இளநீரோடு போய் நிற்பார். பத்தே நிமிஷத்தில் எங்கள் சாக்கடை காசித் தீர்த்தமாகிவிடும்.

“சார், மொதல்ல இளநீர் சாப்பிடுங்க. இதான் சார் எங்க கழிவுத் தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க” என்றார் மேனேஜர்.

வந்தவர் இளநீரை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மற்ற கையில் பாட்டிலைத் தூக்கி மூக்கடியில் பிடித்தார். கண்ணை மூடினார். பெரிய வித்வான் ராகம் கண்டுபிடிக்கிற மாதிரி தலை லேசாக ஆடியது.

“இது போர் தண்ணிங்க. இரும்பு வாசனை அடிக்குது. இந்த மோட்டார்ல எங்கியோ சுருள் வேற கருகுது, ஆள விட்டுப் பாருங்க. எத்தனை மணி அடிச்சீங்க?”

“மூணு சார்” என்றான் கோவிந்து. அவன் சூதுவாது தெரியாதவன்.

“நல்ல ஏற்பாடு. ஆனா நான் அதிகாரி இல்லீங்க. உங்க மில்லுல இன்னைக்கு வேலைக்குச் சேர வந்திருக்கேன்.”

மேனேஜர் அவர் கையிலிருந்த இளநீரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஸ்ட்ராவோடு. மறுநாள் அந்த மோட்டார் புகைந்து நின்றது.

அவருக்கு வீடு வேண்டும் என்று என் தலையிலேயே கட்டினார்கள். போர்ஷன் பார்க்க வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மூச்சை இழுத்தார்.

“அக்கா, கத்திரிக்காய் கொத்சு. பெருங்காயம் கட்டி. புளி மட்டும் பழசு.”

விசாலம் கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏங்க, இவரு வீட்டைப் பாக்க வந்தாரா, அடுப்பைப் பாக்க வந்தாரா?”

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. நமக்கு வேதாரண்யம் பக்கம். உப்பளத்துக் காத்துல வளந்த மூக்கு. ஒண்ணு பட்டுச்சுன்னா விடாது.”

விடவில்லைதான். பால்காரரைக் கூப்பிட்டு, பாலில் கலந்திருப்பது எந்தத் தெருக் கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னார். பால்காரர் அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பீடியை விட்டுவிட்டதாகச் சம்சாரத்திடம் செய்திருந்த சத்தியம், மூக்கு சார் அந்தப் பக்கம் ஒருதடவை நடந்துபோனதில் முறிந்தது. இப்படித் தெருவில் பாதிப் பேருக்கு அவர் ஆகவில்லை.

எங்களுக்கு ஆகாமல் போனது ஒரு வெள்ளிக்கிழமை. விசாலம் சர்க்கரைப் பொங்கல் இறக்கி, படைக்க எடுத்துவைத்திருந்தாள். சுவாமிக்குப் படைக்கிறதை நாம் ருசி பார்ப்பதும் கிடையாது, மோந்து பார்ப்பதும் கிடையாது. இவர் மாடிப்படியில் நின்றபடி ஒரு இழுப்பு இழுத்து, “ஆகா, முந்திரி நெய்யில நல்லா பொரிஞ்சிருக்கு அக்கா” என்றார். அவ்வளவுதான். விசாலம் பாத்திரத்தை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டாள்.

“மோந்துட்டாரே! இதை எப்படிங்க படைக்கிறது?”

படியில் நின்று இழுத்தால் மோந்ததாகுமா, ஆகாதா என்று எனக்குச் சந்தேகம். கோயிலுக்கு ஓடிப்போய்க் குருக்களைக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “எத்தனை அடி தூரம் இருக்கும்?” என்றார். பதினைந்து அடி என்றேன். “மத்தவா மூக்கா இருந்தா தோஷமில்லை. அவர் மூக்குங்கறேளே, அதான் யோசனையா இருக்கு” என்றார். விசாலம் வேறு பொங்கல் வைத்தாள். மூக்கு சார் மனசு ஒடிந்துபோய்விட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கற்பூரம் காட்டி முடிகிறவரை மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் விசாலத்துக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ‘சார்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் ‘தம்பி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

மில்லில் அவர் செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் நோட்டுக் கொடுக்கிற விழாவில், முதலாளியை மேடையில் வைத்துக்கொண்டே பிள்ளைகளிடம் கேட்டார்: “மில்லு பக்கத்துல இருக்குறது நல்லதா, கெட்டதா? பயப்படாம சொல்லுங்க.”

ஒரு பெண் குழந்தை எழுந்து, “நோட்டுத் தர்ற அன்னைக்கு நல்லது சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

முதல் அறிக்கை கேட்டபோது, மூக்கு சார் முதலாளியின் மேஜையில் ஒரு கட்டுத் துண்டுகளைக் கொண்டுபோய் வைத்தார். முதலாளி முகம் மலர்ந்தது.

“தீவாளிக்கு வேட்டி துண்டு குடுக்கலாம்னு யோசனையா? நல்ல யோசனை. ஆனா ஏன் அழுக்கா இருக்கு? தொவைச்சதை வாங்கக் கூடாதா?”

“எல்லாம் தொவைச்சதுதான் சார். பஞ்சநாதன் அண்ணன் வீட்டுக் கொடியில ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு காலையில வெள்ளையாக் காயப்போட்டு சாயந்தரம் எடுத்தது. இது நம்ம மில்லு உமிச்சாம்பல். இதான் சார் ரிப்போர்ட். காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு மூலையில எழுதியிருக்கேன்.”

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனால் துண்டைப் பார்த்து எப்படிக் கத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரிய மகள் பிரசவத்தில் பிழைப்பாளா என்று இருந்த சமயத்தில், நான் எங்கள் ஊர் சிவன் கோயில் சன்னதியில் விழுந்து ஒரு வேண்டுதல் செய்தேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால், நின்றுபோன தைப்பூசத் தெப்பத்தை மறுபடி ஓடவைக்கிறேன் என்று. வந்துவிட்டார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். தெப்பம்தான் ஓடவில்லை. காரணம், கோயில் குளத்தில் இறங்க முடியாது. தண்ணீர் கறுப்பு, கரையில் நிற்க முடியாத நாற்றம். பூசத்தன்று சுவாமியை ஒரு டிராக்டர் டிப்பரில் ஏற்றி, டிப்பருக்குத் தெப்பம் மாதிரி அலங்காரம் செய்து, குளத்தைச் சுற்றி ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். கைகூப்பி நிற்கும்போதெல்லாம், ‘எனக்குப் பட்ட கடனை டீசலில் தீர்க்கப் பார்க்கிறாயே’ என்று சுவாமி கேட்பது போலிருக்கும். எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். குளத்தைச் சீர்படுத்தித் தர வேண்டும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டார்.

“நாலு பக்கமும் கருங்கல் படி. மூலைக்கு மூலை விளக்கு. மேற்கால ஒரு ஆர்ச்சு. ஆர்ச்சுல...”

“உங்க பேரு முதலாளி.”

“அது முக்கியமில்ல பஞ்சநாதன். இருந்தாலும் ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி இருக்கட்டும்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். பைல் மூக்கு சாரின் மேஜைக்குக் கையெழுத்துக்குப் போனது. அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பத்து நாள் கழித்து முதலாளி அவரையும் என்னையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

“என்ன சார், கையெழுத்துப் போடலியாமே?”

“நாறுற தண்ணிக்குக் கருங்கல் படி எதுக்கு சார்? எறங்குறதுக்கா, ஏறி ஓடுறதுக்கா?”

“ஊருக்கு நல்லது பண்ணத்தானே உங்கள வெச்சிருக்கேன்!”

“அதத்தான் சார் பண்றேன். ஊருக்குச் செய்யுறது ஒரு ரூம்ல, அரிசி யாவாரம் இன்னொரு ரூம்லன்னு பிரிச்சு வெச்சிருக்கோம். இந்த ரூம்ல குடுக்கறதை அந்த ரூம்ல புடுங்கிக்கிறோம். நெல்லு வாங்குறது, அவிக்கிறது, சாம்பலைக் கொட்டுறது, தண்ணிய விடுறது, அந்த வேலைக்குள்ளயே நல்லது இருக்கட்டும் சார். ஊறல் தண்ணியச் சுத்தம் பண்ணித் திரும்ப நம்மளே எடுத்துக்குற மாதிரி ஒரு தொட்டி கட்டுங்க. அது மில்லு செலவு. ஊருக்குன்னு ஒதுக்குன பணத்துல நம்ம குப்பைய நாமளே அள்ளிட்டுப் பேரு வாங்கக் கூடாது. அப்பறம் குளத்தைத் தூர் வாரலாம்.”

முதலாளி நிஜமான வருத்தத்தோடு கேட்டார். “அந்தத் தொட்டி மில்லுக்குப் பின்னாடி, கருவக்காட்டுக்குள்ள. அங்க எவன் வந்து பாக்கப்போறான்? என் பேரை எங்க சார் எழுதுறது?”

“நாத்தம் இல்லாத எடம் பூரா உங்க பேருதான் சார்.”

முதலாளி யோசித்தார். “அதை ஒரு போர்டா வைக்க முடியாதா?” என்றார்.

அன்று சாயங்காலம் நான் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு குடித்தனக்காரரிடம் சண்டை போட்டேன். மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினேன்.

“நீங்க சாமி கும்பிடுறவர்தானா சார்? எத்தனை வருசக் கடன் தெரியுமா? கைக்கு வந்ததைக் கெடுத்துட்டீங்களே! இந்த மாசத்தோட போர்ஷனைக் காலி பண்ணிக்குங்க.”

அவர் கோபப்படவில்லை. “சரிங்க அண்ணே. நாளைக்குக் காலையில என்கூட ஒரு நடை வாங்க. வந்து காட்டிட்டு, காலி பண்ணிடுறேன்.”

“போயிட்டுத்தான் வாங்களேன், கால் என்ன தேஞ்சா போயிடும்?” என்றாள் விசாலம் உள்ளேயிருந்து. அவளுக்குத் தம்பி பக்கம் சாய்வு வந்துவிட்டது எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு கிளம்பினேன். மில்லுக்குப் பின்பக்கம் சாக்கடை வாயிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் விழுந்து எங்கள் கூடவே வந்தது. நாங்கள் நின்றால் அதுவும் நுரை கட்டி நின்றது. தென்னந்தோப்பு தாண்டி, ரோட்டுப் பாலம் தாண்டி வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில், சின்ன மதகு வழியாகத் தண்ணீர் கோயில் குளத்துக்குள் இறங்கியது.

எனக்கு அது தெரியாத வழியா? சின்ன வயசிலிருந்து தெரியும். மில் தண்ணீர் வாய்க்காலில் விழுவது தெரியும். வாய்க்கால் குளத்தில் விழுவதும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. லாரி லாரியாக நெல்லை எடைபோட்டு உள்ளே அனுப்புகிறவன் நான். அது ஊறிய தண்ணீர் கடைசியில் வந்து சேர்கிற இடம் என் சுவாமியின் குளம்.

மூக்கு சார் மதகு மேல் உட்கார்ந்தார். “அண்ணே, படைக்கிற பொங்கலை நான் தூரத்துல நின்னு மோந்ததுக்கே அக்கா வேற பொங்கல் வெச்சாங்க. தப்புன்னு சொல்லல, அதான் மரியாதை. சாமி எறங்குற தண்ணிக்கு நாம என்ன மரியாதை பண்றோம்னு நீங்களே பாத்துக்குங்க.”

நான் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் விசாலம், “என்னங்க, காலி பண்றாராமா?” என்றாள். “யாரு சொன்னா?” என்றேன்.

இதற்குப் பிறகு ஒரு மாசத்தில் சென்னைக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகச் செய்தி வந்தது. மில்லே அல்லோலகல்லோலப்பட்டது. குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் புதுசாகக் காவி அடித்தார்கள். மேனேஜர் என்னிடம் வந்து மூன்று தடவை சொன்னார்: “பஞ்சநாதன், காரு கேட்டுக்குள்ள வந்ததும் மூணு மணி. ஒரு நிமிசம் லேட் ஆச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போச்சுன்னா நீயும் நானும் வீட்டுல உக்காந்து நெல்லு அவிக்க வேண்டியதுதான்.”

மூக்கு சார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மணி அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வீம்புக்காவது அடித்திருப்பேன். அவர் பாட்டுக்குப் பின்பக்கம் வாய்க்கால் கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார் வந்தது. என் விரல் மணிப் பொத்தான் மேல் இருந்தது. உத்தியோகம் போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். இரண்டாவது மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ‘ஐயாரப்பா’ என்று சுவாமியைக் கூப்பிட்டேன். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கார் உள்ளே போனது.

இறங்கிய அம்மாளுக்கு நடுத்தர வயசு. ஆபீஸ் ரூமுக்கே போகவில்லை, நேரே பின்பக்கம் நடந்தார். முதலாளியும் மேனேஜரும் பின்னால் ஓடினார்கள். அங்கே கறுப்பாக, நுரையும் பதருமாக, ஊறல் தண்ணீர் ஜோராக விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் இளநீரைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

மூக்கு சார் முன்னால் வந்தார். “இதாம்மா எங்க இப்பத்த நெலமை. இது போய்ச் சேர்ற எடம் கோயில் குளம். இது நாங்க பண்ணலாம்னு நெனைக்கிற திட்டம்.” நாலாக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் காகிதத்தை முழுக்கப் படித்தார். முதலாளி அந்த நேரத்தில் பாதியாக இளைத்துவிட்டார்.

“நான் போற மில்லு எல்லாத்துலயும் கண்ணாடி மாதிரி தண்ணிதான் சார் காட்டுறாங்க” என்றார் அந்த அம்மாள். “எந்த ஊர்ல நெல்லை ஊறவெச்சா தண்ணி தெளியும்? நானும் ஒரு மில்லுக்காரர் வீட்டுப் பொண்ணுதான். இங்கதான் முதல் தடவையா நெஜத்தைக் காட்டியிருக்கீங்க. நெஜம் இருந்தாத்தான் மேல பேச முடியும். முதல்ல கொஞ்சமா வாங்கிக்கிறோம். அடுத்த சம்பா அறுப்புக்குள்ள இந்தத் தொட்டி வரணும், சாம்பல் பறக்குறது நிக்கணும். தண்ணிய மிச்சம் பண்ணி, வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமா வெள்ளாமை பண்றவங்ககிட்ட நேரா நெல்லு எடுக்கணும். அப்ப முழு ஆர்டர்.”

முதலாளி நிமிர்ந்தார். போன உயிர் வந்துவிட்டது. “நெஜத்தைத்தான் காட்டணும்னு நான் எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பேம்மா” என்றார்.

சாயங்காலம் மேனேஜர் என் எடைமேடைக் கூண்டுக்கு வந்தார். “ஏன்யா மணி அடிக்கல?”

“மறந்துட்டேன் சார்.”

மறக்கவில்லை என்று சுவாமிக்குத் தெரியும். அவர் மேனேஜரிடம் சொல்லவில்லை.

மில் பணத்திலேயே தொட்டி கட்டினார்கள். புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கிற பெட்டி வைத்தார்கள், அந்தச் சாம்பலைச் செங்கல் சூளைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப்போனார்கள். சுத்தமான தண்ணீர் திரும்ப மில்லுக்கே வந்ததில் போர் மோட்டாருக்கும் ஓய்வு கிடைத்தது. ஊருக்கென்று ஒதுக்கிய பணத்தில் வாய்க்காலும் குளமும் தூர் வாரப்பட்டன. வண்டி வண்டியாகக் கறுப்புச் சேறு போனது. படி பழைய செங்கல் படியேதான். ஆர்ச்சு வரவில்லை. விஷயம் என்னவென்றால், முதலாளியே ஆர்ச்சை மறந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களைக்கூடப் பின்பக்கம் அழைத்துப்போய்த் தொட்டிமேல் குனிய வைப்பார். “இழுங்க, நல்லா இழுங்க. ஏதாவது வாசனை வருதா? வராது!” வந்தவர் பத்திரிகையைக் கொடுக்காமலே போன கதையும் உண்டு.

இதெல்லாம் ஒரே வருஷத்தில் நடந்துவிடவில்லை. முதல் மழையில் தொட்டி பொங்கி வழிந்தது. மூக்கு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார். குளம் சரியாக, ஆற்றுத் தண்ணீர் இரண்டு தடவை வந்து போகவேண்டியிருந்தது. ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும்போதெல்லாம் மதகில் போய் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் இருக்கு அண்ணே” என்று தலையை ஆட்டுவார். எங்கள் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு இருக்கும்.

ஒரு கார்த்திகை மாசம், நாகப்பட்டினம் பக்கம் இறால் பதப்படுத்துகிற கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. “இறாலா! தம்பி, உங்க மூக்கு தாங்குமா?” என்று கேட்டாள் விசாலம். “அங்கதான் அக்கா மூக்குக்கு வேலை” என்று சொல்லிவிட்டு, ஒரு பையும் குடையுமாகப் போய்விட்டார். விசாலம் வடகமும் மோர்மிளகாயும் கட்டிக்கொடுத்தாள். பஸ் கிளம்பியதும் என்னைப் பார்த்து, “நீங்கதானே காலி பண்ணச் சொன்னீங்க” என்று ஒரு பாட்டம் அழுதாள். அது நடந்து வருஷம் இரண்டாகிறது என்று சொன்னால் கேட்கமாட்டாள்.

அடுத்து வந்த தைப்பூசத்தில் தெப்பம் ஓடியது. இரும்பு டிரம்களைக் கட்டி, பலகை போட்டு, பூ அலங்காரம் செய்து சுவாமியை ஏற்றினோம். பழைய படியில் ஊர் ஜனமே முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றது. மூக்கு சாருக்குப் போன் செய்திருந்தேன். கம்பெனியில் சோதனை நாள், வர முடியவில்லை என்றார்.

அர்ச்சனைத் தட்டோடு நான் குருக்கள் முன்னால் நின்றேன். மகள் பேர், பேத்தி பேர், முதலாளி பேர் எல்லாம் சொல்லி ஆனது.

“இன்னும் யாருக்காவது உண்டா?”

“மூக்கு சாருக்கு ஒண்ணு பண்ணணும் சாமி.”

“நட்சத்திரம்?”

தெரியவில்லை. விசாலத்தைப் பார்த்தேன். அவளும் விழித்தாள். இரண்டரை வருஷம் ஒரே கூரையில் இருந்தும் அவரை நாங்கள் அதைக் கேட்டதில்லை.

“தெரியலைன்னா பரவாயில்லை. சுவாமி பேருக்கே பண்ணிடலாம், வழக்கம்தான்” என்று குருக்கள் பூவை எடுத்து, சுவாமி பெயரைச் சொல்லி ஆரம்பித்தார். தண்ணீரில் தெப்பம் லேசாக அசைந்து கிளம்பியது. நான் கண்ணை மூடிக் கைகூப்பினேன். மூடிய கண்ணுக்குள் சுவாமி வரவில்லை. எங்கள் மாடிப்படியில் இறங்கி வருகிற மனிதர்தான் வந்தார். அப்படியே கும்பிட்டுவிட்டேன்.